புறம்போக்கில் விளைந்த ருசி

பழவேற்காட்டு இறா பிறப்பது ஏரியில் இல்லை, கடலில். தாய் இறா கடலுக்குள் முட்டை விடும். பொரிந்த குஞ்சுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் அலையோடு மிதந்து வந்து, முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரிக்குள் ஏறும். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து, உப்பு ஏறியும் இறங்கியும் கிடக்கும் அந்தத் தண்ணீரில் சில மாதம் மேய்ந்து வளரும். வளர்ந்ததும் மறுபடி கடலுக்குக் கிளம்பும். அந்தத் திரும்பும் பயணத்தில்தான் வலையில் விழுகிறது. தட்டில் இருக்கும் ஒரு பிடி இறா தொக்குக்குப் பின்னால் கடல், ஆறு, மழை, சேறு, மணல்திட்டில் திறந்த ஒரு வாய் என இத்தனையும் வேலை செய்திருக்கின்றன. இவற்றில் எதுவும் யாருடைய பட்டாவிலும் இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமாகச் சாப்பாட்டு ஆசையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். திருநெல்வேலிக்கு அல்வா, ஆம்பூருக்குப் பிரியாணி என்பதுபோல ஊர்ப்பெயர் ஒட்டிய பலகாரம் எதையும் இங்கே தேட வேண்டாம். இது பொது நீரிலும் பொது நிலத்திலும் கிடைத்ததைத் தின்று வளர்ந்த வட்டாரம். ஏரி, கழி, ஏரிக்கரை, மேய்க்கால், வழியோரப் பனை என்று இங்கே ருசியாக இருப்பதெல்லாம் பெரும்பாலும் புறம்போக்கில் விளைந்தது. பொது சுருங்கச் சுருங்க அந்த ருசியும் சுருங்கிக்கொண்டு வருகிறது.

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு முனை நம்முடையது. ஆரணியாறு தெற்கே வந்து சேர்கிறது, காளங்கியும் சுவர்ணமுகியும் ஆந்திரப் பக்கம் சேர்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைக்கும். அடைபட்ட ஏரியில் தண்ணீர் சூடேறி உப்பு கூடும், மீன் குறையும். அப்போதெல்லாம் குப்பத்து ஆட்களே மண்வெட்டியோடு போய் வாயை வெட்டித் திறந்த கதைகள் இங்கே பழையவை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து வாயும் திறந்திருந்தால் அந்த வருஷம் இறா கொழிக்கும். மழைக்குப் பின்னால் பூநாரைகள் வருவதும் இதே கணக்கில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜி.என்.டி. சாலை வழியாக வந்து பொன்னேரிப் பக்கம் கிழக்கே திரும்பிப் பழவேற்காட்டுக்குப் போகும் வண்டிகள் நிறைய. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சத்தையும் அவர்களுடைய கல்லறைகளையும் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பலர் கேட்பது வஞ்சிரம் வறுவல். நகரத்து ஓட்டல் பழக்கிய நாக்கு அது. வஞ்சிரம் வெளிக்கடல் மீன், எந்தக் கரையிலும் கிடைக்கும். இந்த ஏரியின் மீன் மடவை. கிழங்கானும் கொடுவாயும் சேற்று நண்டும் உண்டு. ஆனால் ஏரியை அறிய வேண்டுமென்றால் மடவையைத்தான் தின்ன வேண்டும்.

மடவை சேற்றை மேயும் மீன். வாயால் சேற்றை அள்ளி, அதிலுள்ள பாசியையும் மட்கியதையும் சலித்துத் தின்னும். மணலோடு சேர்த்து விழுங்கியதை அரைக்க, கோழியின் இரைப்பையைப் போலத் தடித்த ஓர் உறுப்பு அதன் வயிற்றில் உண்டு. இந்த மீனைச் சுத்தம் செய்வதிலேயே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது. செதிலை வாலிலிருந்து தலைப்பக்கம் சீவி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தபின், உள்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்துச் சுரண்ட வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருந்தால் குழம்பில் கசப்பும் சேற்று வாடையும் நிற்கும். பிறகு புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், வெந்தயத் தாளிப்பு. மாங்காய்க் காலமென்றால் புளியைக் குறைத்து நாலு துண்டு மாங்காய். மண்சட்டியில் கொதித்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்போது மீனைப் போட்டு, அப்புறம் கரண்டியை உள்ளே விடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார்கள். அன்றைக்குச் சாப்பிடுவது ஒரு ருசி. மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொள்வது அதைவிடப் பெரிய ருசி.

சேற்றைத் தின்னும் மீனுக்குச் சேறு எப்படியோ அப்படித்தான் மாமிசம். இதை யோசித்தால் மனம் தெற்கே போகிறது. பழவேற்காட்டையும் எண்ணூர்க் கழியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து எண்ணூர்க் கழியின் படுகையில் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் படர்ந்தது. படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளின் வேரிலும் பிசின்போல ஒட்டியது. அந்த வாரங்களில் மீன் கிடைத்தாலும் வாங்க ஆளில்லாமல் போனது. ருசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை. மடவைக் குழம்பின் முதல் சரக்கு புளியோ மிளகாயோ இல்லை, அசுத்தமாகாத சேறு.

பொது நீரென்றால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அள்ளுவது என்று பொருளில்லை. முகத்துவாரத்தை ஒட்டி, இறா அதிகம் ஓடும் இடங்களைப் பாடு என்பார்கள். பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் குப்பங்களில் தலைக்கட்டுக் கணக்கில் பெயரெழுதிச் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு ஒதுங்கி நிற்பார். ஒருவரே வாரிக்கொண்டு போகவும் முடியாது, எல்லாரும் ஒரே நாளில் இறங்கி ஏரியைத் துடைத்துவிடவும் முடியாது. ஆய்வாளர்கள் பலர் வந்து எழுதிவிட்டுப் போன ஏற்பாடு இது, தமிழ்நாட்டுக் கடற்கரை பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஆனால் பாட்டுக்கும் சுவர் உண்டு. சாதி அடிப்படையில் அமைந்த அந்த முறைக்குள் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் இடம் வைக்கப்படவில்லை. அதை எதிர்த்து வழக்கும் சண்டையும் நடந்திருக்கின்றன. பொதுவைக் காப்பது என்றால் இந்தச் சுவரையும் சேர்த்துக் காப்பது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பாட்டில் இடமில்லாத இருளர்கள் கையால் இறா பிடிக்கிறார்கள். பெண்களே அதிகம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்தும் உட்கார்ந்தவாக்கிலும் நகர்ந்து, இரண்டு கையையும் சேற்றில் பரப்பித் துழாவுவார்கள். விரலுக்கடியில் துள்ளல் தெரிந்ததும் சேற்றோடு சேர்த்து அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறிக்குள் போட்டுவிட்டு, கை மறுபடி சேற்றுக்குப் போய்விடும். பறி பனையோலையில் முடைந்தது. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் மூன்றாவது கையாகப் பல் அதைப் பிடித்துக்கொள்கிறது. சிப்பி ஓடு விரலைக் கிழிக்கும், கெளுத்தி முள் குத்தினால் கை வீங்கிக்கொள்ளும். மணிக்கணக்காகத் தண்ணீரில் ஊறி வெளுத்த அந்த விரல்களுக்குச் சேற்றின் சூடு, குளிர்ச்சி, இறா ஒதுங்கும் பள்ளம் எல்லாம் தெரியும். வலை வீணாக அள்ளும் குஞ்சுகளை இந்தக் கை அள்ளுவதில்லை. இவ்வளவு நுணுக்கமான அறிவில் கிடைத்த இறாவைத்தான் நாம் கடைத்தெருவில் ஐந்துக்கும் பத்துக்கும் பேரம் பேசுகிறோம்.

ஏரியை விட்டு மேற்கே வந்தால் நெல். சென்னையைச் சுற்றியுள்ள இந்த மாவட்டங்களில் சம்பா மட்டும் பட்டமில்லை. சித்திரையை ஒட்டி விதைக்கும் சொர்ணவாரி உண்டு, மார்கழிப் பக்கம் தொடங்கும் நவரை உண்டு. ஏரிப் பாசனத்தை நம்பி எழுந்த பட்டங்கள் இவை. திருவள்ளூர் அருகே திரூரில் அரசு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூர்குப்பம் என்ற பெயரின் எழுத்துகளைத் தாங்கித்தான் டி.கே.எம். வரிசை நெல் ரகங்கள் வந்தன. 1952இல் வெளியான டி.கே.எம். 6 அவற்றில் பெரிய மனிதர். கிச்சிலிச் சம்பா என்று நம் தாத்தாக்கள் கொண்டாடிய ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் ஒட்டி எடுத்தது. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பூச்சி தாங்கும் நெல்லைத் தேடியபோது இந்தத் திரூர்குப்பத்து நெல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்நாடு எழுபதுகளில் வயிறு நிறையச் சாப்பிட்ட ஐ.ஆர். 20க்கு ஒரு பெற்றோர் டி.கே.எம். 6. புகையான் பூச்சியைத் தாங்கி நின்ற முதல் ரகமாக 1973இல் வந்த ஐ.ஆர். 26க்கும் அதுவே ஒரு பெற்றோர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஒரு பீகார்க்காரரோ ஒடிசாக்காரரோ இராத்திரி அறைக்குத் திரும்பி உலை வைக்கும்போது, அவருடைய ஊர் நெல்லின் வம்சத்திலும் திரூர்குப்பத்துக்கு ஒரு பங்கு இருக்கலாம். இந்த நெல்லுக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. சர்க்காரின் வயலில், சம்பளத்துக்கு வேலை செய்த விஞ்ஞானிகள் உருவாக்கி உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏரியைப் போல, பனையைப் போல, அதுவும் பொது. அதே நிலையத்தின் டி.கே.எம். 9 சிவப்பரிசி, குட்டையும் தடிப்புமான மணி. கஞ்சி காய்ச்சினால் மதியம் வரைக்கும் பசி எட்டிப் பார்க்காது. வெள்ளை அரிசியைத் தவிர வேறு தெரியாமல் வளர்ந்த விருந்தாளிகள் இந்தக் கஞ்சியை ஒரு துண்டு கருவாட்டோடு குடித்துப் பார்க்க வேண்டும்.

விருந்தாளி என்று சொன்னேன். சென்னையிலிருந்து வருகிறவர் அப்படி ஒன்றும் புதியவர் இல்லை. அவர் வீட்டுக் குழாயில் வருவது கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தின் தண்ணீராக இருக்கலாம், சோழவரம், செங்குன்றம் ஏரிகளின் தண்ணீராக இருக்கலாம். பஞ்செட்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் மீஞ்சூரிலும் ஆழ்குழாய் போட்டு நகரத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் ஊர்ந்து உள்ளே வந்து, நன்றாக விளைந்த மண்ணுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுத்தது. இந்த மாவட்டத்துக்கு வந்து உணவைத் தேடுகிறவர் ஏற்கெனவே இந்த மாவட்டத்தைக் குடித்து வளர்ந்தவர். அந்தக் கடன் அவர் நினைவில் இருந்தால் இங்கே உட்கார்ந்து சாப்பிடும் முறையே மாறிவிடும்.

பனைக்கு வருகிறேன். கோடையில் நெடுஞ்சாலை ஓரம் நுங்கும் பதநீரும் எல்லாருக்கும் தெரியும். தை மாதத்துப் பனங்கிழங்கை அவ்வளவு பேர் நின்று வாங்குவதில்லை. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடு நாரை உருவிப் போட்டுவிட்டுத் தின்பார்கள். மாவும் நாரும் கலந்த அந்த மெல்லலில் லேசான கசப்பு ஓடும். இதே கிழங்கை யாழ்ப்பாணத்தில் பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து, மாவை ஊறவிட்டுக் கசப்பைக் களைந்து, நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டுக் காய்ச்சுவது ஒடியல் கூழ். கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூழுக்கு வேண்டிய நண்டும் இறாவும் கிழங்கும் முருங்கையும் முகாமைச் சுற்றிய இந்த வட்டாரத்தில்தான் விளைகின்றன. நாடு கேட்டு நிற்கிறவர்களுக்கு நாடு கிடைப்பதற்கு முன்பே இந்த மண் அவர்கள் சமையலுக்கு இடம் கொடுத்துவிட்டது. வட்டார உணவு என்று பட்டியல் போடுகிறவர்கள் முகாமின் அடுப்பையும் அதில் சேர்க்க வேண்டும்.

தொழிற்பேட்டையின் வாடகை அறைகளையும் சேர்க்க வேண்டும். ஒடிசாக்காரர் பகாள என்று சொல்லி விரும்பித் தின்பது நம் பழைய சோற்றைத்தான். வங்காளத்தவர் கடுகெண்ணெயில் வறுக்கும் ஏரிக் கெண்டை நம் ஏரியில் பிடித்ததுதான். இவர்கள் வந்ததால் வட்டாரத்தின் ருசி கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். பசியோடு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்வதுதான் பொதுவான அடுப்பின் குணம்.

அந்த அடுப்பை நேராகப் பார்க்க ஆடி மாதம் வர வேண்டும். ஆரணியாற்றங்கரையில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குச் சென்னையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வேப்பஞ்சேலை உடுத்திக் கோயிலைச் சுற்றுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், கோழி அறுத்து அங்கேயே குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். அதே மாதம் மாவட்டத்தின் தெருக்கோடி அம்மன் கோயில்களில் எல்லாம் கூழ் வார்ப்பார்கள். முதல்நாள் இராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். காலையில் பெரிய அண்டாவில் நொய்யரிசி குழைந்து வேகும்போது மாவுக் கரைசலை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கை மாற்றிக் கை ஆள் மாறும். கையை நனைத்துத் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லையென்றால் வெந்துவிட்டது. ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் போடுவார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, சில தெருக்களில் வறுத்த சென்னாக்கூனி. ‘ஊத்துக்கா’ என்று சொம்பை நீட்டினால் போதும், எந்தத் தெரு என்ற விசாரணை கிடையாது. வீட்டுக்கு வீடு வாங்கிய கேழ்வரகில் காய்ச்சியது என்பதால் காசு கொடுத்து வாங்கவும் முடியாது. சாப்பாட்டை விலைப்பட்டியலில் பார்த்துப் பழகியவர்கள் ஒருமுறையாவது இந்த வரிசையில் நிற்க வேண்டும்.

தேர்வாய்கண்டிகையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் மேய்க்காலும் காடுமாகக் கிடந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்தபோது, பெரும்பாலும் தலித் மக்களான ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். தரிசு என்று காகிதத்தில் எழுதப்பட்ட நிலம்தான் அவர்கள் ஆடுமாட்டுக்குத் தீனி. களாக்காயும் ஈச்சம்பழமும் சூரைப்பழமும் இந்தப் பக்கத்துப் புதர்க்காட்டில் பிள்ளைகள் காசில்லாமல் தின்னும் பழங்கள். தொய்யக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பண்ணைக்கீரையும் கரையிலும் வரப்பிலும் தானாக முளைத்து, மாலையில் முந்தானையில் கட்டி வீட்டுக்கு வருபவை. இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வருமானமாக ஏறுவதில்லை. அங்கே தொழிற்சாலைகள் வந்துவிட்டன. வேலை கிடைத்தவர்களுக்குச் சம்பளம் வந்தது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. மாதச் சம்பளம் இந்த வட்டாரத்துப் பல குடும்பங்களைக் கூலி வேலையின் அவமானத்திலிருந்து மீட்டிருக்கிறது. ஆனால் சம்பளத்தில் கீரை வாங்கலாம், கீரை முளைக்கும் கரையை வாங்க முடியாது. ஒரு வீட்டின் தட்டிலிருந்து அந்தக் கீரை போனால் அந்த இடத்தில் கடைப் பொட்டலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே இங்கே வருகிறவர்களே, வாருங்கள். மழைக்குப் பின் வந்தால் இறா, தையில் வந்தால் கிழங்கு, கோடையில் நுங்கு, ஆடியில் கூழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாளில் வஞ்சிரம் கேட்டுத் தொல்லை செய்யாமல் ஏரி கொடுப்பதை வாங்குங்கள். தரையில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் பேரம் பேசாதீர்கள். எந்தப் பக்கத்து மீன், கையில் பிடித்ததா, வலையில் விழுந்ததா என்று கேளுங்கள். கேட்கிறவரிடம் அவர்கள் நிறையச் சொல்வார்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். முகத்துவாரத்தைப் பற்றி, கழியில் கொட்டும் சாம்பலைப் பற்றி, புதிதாக எடுக்கப்படும் மேய்க்காலைப் பற்றி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கும். அங்கே குப்பத்து ஆட்களும் ஊராரும் தனியாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஓட்டலில் உட்கார்ந்து ‘பிரமாதம்’ என்று சொன்னவர்களில் நூற்றில் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வந்து, நானும் இந்த ஏரியைத் தின்றவன், எனக்கும் இதில் அக்கறை உண்டு என்று எழுந்து சொன்னால் அதற்கு எடை இருக்கும். சாப்பாட்டை உண்மையாகவே விரும்புகிறவர்கள் அதன் ஊற்றுக்கண்ணுக்கும் பொறுப்பேற்க வேண்டும். பழவேற்காட்டு இறாவையும் மடவையையும் நம் பேரப்பிள்ளைகளும் தின்பார்களா என்பதைச் சமையல்காரர்கள் தீர்மானிக்கப்போவதில்லை, நாம்தான் தீர்மானிக்கப்போகிறோம்.